யூரியா கூடினால் நெற்பயிருக்குள் என்ன நடக்கிறது? கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் முழுமையான வழிகாட்டி

சம்பா நட்டு 40 நாள் ஆகியிருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் உங்கள் வயல் மட்டும் கருகருவென்று இருக்கிறது, பக்கத்து வயல் வெளிர்பச்சையாகத் தெரிகிறது. வழியில் போகிறவர்கள் "பயிர் நல்லா வந்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் குடும்ப வயலிலும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தது. உரக்கடையில் சொன்னதை நம்பி இன்னொரு மூட்டை யூரியா வீசினோம், பச்சை இன்னும் ஏறியது. மார்கழிக் கடைசியில் பெய்த ஒரே மழையில் முக்கால் வயல் படுத்துவிட்டது. அறுத்து அடித்தபோது பாதிக்குப் பாதி பதர். பக்கத்து வெளிர்பச்சை வயல் நின்ற நிலையிலேயே அறுவடையானது.

அதற்குப் பிறகுதான் யூரியா தரும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இலைக்குள் போய் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இங்கே எழுதுவது காவிரி டெல்டா நெல்லை வைத்துத்தான். மற்ற பயிர்களுக்கும் அடிப்படை ஒன்றே, ஆனால் அளவுகள் மாறும்.

படி 1: அது தழைச்சத்து மிகுதிதானா என்று உறுதி செய்யுங்கள்

வரப்பிலிருந்து பார்த்தால் போதாது, வயலுக்குள் இறங்குங்கள். தழைச்சத்து கூடிய பயிரில் இலை கரும்பச்சையாக மட்டும் இருக்காது, அகலமாகவும் நீளமாகவும் வளர்ந்து நுனி வளைந்து தொங்கும். கையால் தொட்டால் மெத்தென்று இருக்கும். சரியான பயிரின் இலை விறைப்பாக நிற்கும், சொரசொரப்பு தெரியும். தூரை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள்: அடியில் வெளிச்சமே இல்லாமல் இருட்டாக, ஈரப் புழுக்கமாக இருந்து, கீழ் இலைகள் மஞ்சளாகி அழுகிக்கொண்டிருந்தால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி. தண்டின் அடிப்பகுதியை விரலால் அழுத்தினால் எளிதில் நசுங்கும். அடிக்கணுக்களுக்கு இடையில் உள்ள நீளமும் வழக்கத்தைவிடக் கூடியிருக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தாலும் நெல் இலை கரும்பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பயிர் குட்டையாக, தூர் வெடிக்காமல் (பக்கக் கிளைகள் விடாமல்), இலைகள் ஒல்லியாக நிமிர்ந்து நிற்கும். தொங்குகிற கரும்பச்சை வேறு, குத்திட்டு நிற்கிற குட்டைக் கரும்பச்சை வேறு. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

இதன் மறுபக்கமும் உண்டு. யூரியா அதிகமாகப் போய்ச் சேருவதற்கு முக்கியமான காரணமே, பயிர் கொஞ்சம் மஞ்சளித்தால் உடனே யூரியா என்று கை போவதுதான். நட்ட 2 முதல் 4 வாரத்தில் இலையில் துருப் பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகளோடு வெளுத்தால் அது துத்தநாகக் குறையாக இருக்கலாம். தண்ணீர் தேங்கி வேர் கறுத்து அழுகல் வாடை வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். இந்த இரண்டிலும் யூரியா போட்டால் நிறம் சில நாள் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும்.

படி 2: இலைக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இது புரிந்துவிட்டால் அடுத்ததெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

இலையின் பச்சையத்தில் ஒவ்வொரு மூலக்கூறிலும் நடுவில் ஒரு மெக்னீசியம் அணுவும் அதைச் சுற்றி 4 நைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. அதனால்தான் தழைச்சத்து போட்டதும் பச்சை ஏறுகிறது. ஆனால் இலையில் உள்ள நைட்ரஜனில் பச்சையத்துக்குப் போவது சிறு பங்குதான். பெரும் பங்கு புரதங்களில் இருக்கிறது, அதிலும் ரூபிஸ்கோ என்கிற ஒரே நொதியில் மட்டும் நெல் இலையின் நைட்ரஜனில் ஏறக்குறைய கால்பங்கு முதல் 30 சதவீதம் வரை அடங்கிவிடுகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்குவதே அந்த நொதிதான். ஆகவே தழைச்சத்துக் குறைவான இலையில் கொஞ்சம் தழைச்சத்து சேர்த்தால் ஒளிச்சேர்க்கை உண்மையிலேயே ஏறும், இதில் சந்தேகம் இல்லை.

பிரச்சினை ஓர் அளவுக்கு மேல் வருகிறது. ரூபிஸ்கோ எவ்வளவு இருந்தாலும், இலைத்துளை வழியாக உள்ளே வந்து அதனிடம் சேருகிற கரியமில வாயு அதே விகிதத்தில் கூடுவதில்லை. சமையல்காரர்களை இரட்டிப்பாக்கிவிட்டு அரிசியை அதே அளவில் கொடுத்த கதைதான். கூடுதல் நொதியில் ஒரு பகுதி வேலையில்லாமல் நிற்கிறது, இலை அதைத் தழைச்சத்துச் சேமிப்பு மாதிரி வைத்துக்கொள்கிறது. நிறம் மட்டும் தொடர்ந்து கறுக்கிறது, சர்க்கரை உற்பத்தி ஏறாமல் நின்றுவிடுகிறது. பச்சையைப் பார்த்து விளைச்சலைக் கணக்குப் போடுகிற பழக்கம் தவறாகப் போவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது சர்க்கரைச் செலவு. தண்ணீர் நிற்கும் வயலில் நெல் பெரும்பாலும் அம்மோனியமாகத்தான் தழைச்சத்தை உறிஞ்சுகிறது. அம்மோனியம் திசுவுக்குள் சேர்ந்து கிடந்தால் நஞ்சு, உடனே அமினோ அமிலமாக மாற்றியாக வேண்டும். அதற்குக் கரிச்சட்டமும் (கார்பன் அணுக்களாலான சட்டகம்) ஆற்றலும் வேண்டும், இரண்டுமே ஒளிச்சேர்க்கையில் வந்த சர்க்கரையிலிருந்துதான் வர வேண்டும். அளவாக வந்தால் பயிர் சமாளிக்கும். மேலே மேலே வந்துகொண்டே இருந்தால், தண்டில் மாவுச்சத்தாகச் சேர வேண்டிய சர்க்கரை, செல்சுவரைத் தடிப்பாக்க வேண்டிய சர்க்கரை எல்லாம் இதற்கே போய்விடுகிறது. புரதம் கூடிய இலை இரவில் சுவாசிப்பதும் அதிகம், அதற்கும் சர்க்கரைதான் எரிகிறது.

பூக்கும் முன்பு தண்டிலும் இலையுறையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து, பிறகு மணிக்குள் போய்ச் சேர்கிறது. கதிரின் எடையில் கால்பங்கு வரைகூட இந்தச் சேமிப்பிலிருந்து வருவதுண்டு. தழைச்சத்து மிஞ்சிய பயிரில் இந்தச் சேமிப்பு மெலிந்துவிடும், தண்டும் அதனாலேயே பலவீனமாகும். சாய்வதும் பதராவதும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள். கூடவே திசுவில் சிலிக்கா சேர்வதும் குறைகிறது, இலையும் தண்டும் மெத்தென்று ஆவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது நிழல். என்னைக் கேட்டால் மூன்றிலும் பெரியது இதுதான். ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே 5 அல்லது 6 சதுர மீட்டர் இலை இருந்தாலே நெல்லுக்கு வெயிலைப் பிடிக்கப் போதும், அதுவும் இலைகள் நிமிர்ந்து நின்றால். தழைச்சத்து மிகுந்தால் இலைப் பரப்பு அதைத் தாண்டுகிறது, போதாததற்கு இலைகள் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று குடை பிடிக்கின்றன. மேல் இலைக்குத் தேவைக்கு மேல் வெயில், கீழ் இலைக்கு ஒன்றுமே இல்லை. வெயில் படாத இலை தான் தயாரிப்பதைவிட அதிகமாகச் செலவழித்துவிட்டுச் செத்துப்போகிறது. நெல்லின் வேருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் கீழ் இலைகள்தான். கீழ் இலை போனால் வேர் பட்டினி, வேர் பட்டினியானால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) எடுப்பது குறைகிறது, அது குறைந்தால் தண்டு இன்னும் தளர்கிறது. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

இதோடு நம் பருவத்தைச் சேர்த்துப் பாருங்கள். சம்பாவும் தாளடியும் தூர் கட்டுவது ஐப்பசி, கார்த்திகை மழையில். நாள்கணக்கில் மேகமூட்டம். அப்போது விளைச்சலைக் கட்டிப்போடுவது வெளிச்சக் குறைவு. வெளிச்சம் இல்லாத நாளில் யூரியா போட்டு அதை ஈடுகட்ட முடியாது, வருகிற கொஞ்ச சர்க்கரையும் யூரியாவைச் செரிக்கவே போய்விடும். குறுவையில் வெயில் உண்டு, ஆகவே அதே பயிர் கொஞ்சம் கூடுதலான தழைச்சத்தைத் தாங்கும். கார்த்திகை அடைமழையில் "பயிர் வெளுத்திருக்கே" என்று மூட்டையைப் பிரிக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாற்றில் கரைந்த அமினோ அமிலம் கூடினால் தூரின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்து. மெல்லிய செல்சுவர், அடியில் ஈரப் புழுக்கம் இரண்டும் சேர்ந்தால் குலைநோய், இலையுறை கருகல், பாக்டீரியா இலைக்கருகல். பயிர் முதிர்வது தள்ளிப்போகும், பிந்தி வந்த தூர்களில் கதிரே வராது. சாய்ந்துவிட்ட பயிரில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால், பால் பிடிக்கிற நேரத்தில் ஒளிச்சேர்க்கை பெரிதாக விழுந்துவிடுகிறது.

படி 3: இதுவரை எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கணக்கிடுங்கள்

மூட்டைக் கணக்கை விடுங்கள், கிலோ தழைச்சத்தாகக் கணக்கிடுங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. இப்போதைய மூட்டை 45 கிலோ, ஆக ஒரு மூட்டையில் சுமார் 20.7 கிலோ. மணிச்சத்துக்காகப் போடும் டிஏபி உரத்திலும் 18 சதவீதம் தழைச்சத்து இருப்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 50 கிலோ மூட்டையில் 9 கிலோ வந்துவிடும். காம்ப்ளக்ஸ் (கலப்பு உரம்) போட்டிருந்தால் மூட்டை மேல் அச்சிட்டிருக்கும் முதல் எண்தான் தழைச்சத்து.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ (தழை, மணி, சாம்பல் சத்து என்ற வரிசையில்). ஏக்கருக்கு மாற்றினால் தழைச்சத்து சுமார் 60 கிலோ. அடியுரமாக ஒரு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவாக, 44 கிலோ டிஏபி போட்டிருந்தால் அதிலேயே 8 கிலோ வந்துவிட்டது. மீதி 52 கிலோவுக்கு 113 கிலோ யூரியா, அதாவது முழுப் பருவத்துக்கும் சேர்த்து இரண்டரை மூட்டை. இதுவே உச்சம்.

இப்போது கவனியுங்கள். வெள்ளைப் பொன்னி மாதிரி தழைச்சத்தை அதிகம் ஏற்காத ரகங்களுக்குப் பரிந்துரை 75:50:50 மட்டும். ஏக்கருக்கு 30 கிலோ. டிஏபி கொடுத்த 8 போக மீதி 22 கிலோவுக்கு 48 கிலோ யூரியா. ஒரு மூட்டையும் இன்னொரு 3 கிலோவும்! வெள்ளைப் பொன்னி வயலில் 3 மூட்டை வீசிவிட்டு "இந்த ரகமே சாயுற ரகம்" என்று பழி போடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உயரமான பாரம்பரிய ரகங்களுக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். 1966-ல் வந்த ஐஆர் 8 மாதிரியான குட்டை ரகங்களின் பெருமையே உரம் போட்டாலும் சாயாமல் நின்றதுதான். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அந்தக் குட்டைத் தண்டு கிடையாது.

இத்துடன் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) மடக்கி உழுதீர்களா, தொழுவுரம் எத்தனை வண்டி, முன்போகம் உளுந்தா பயறா என்பதையும் எழுதுங்கள். அவை எல்லாமே தழைச்சத்துதான். நல்ல தக்கைப்பூண்டு மடக்கிய வயலில் முதல் மேலுரத்தைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் தூர் கட்டும் பருவத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அடிக்கும்.

ஏன் யூரியாவிலேயே கை போகிறது என்பதும் தெரிந்ததுதான். 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசு, டிஏபி மூட்டை 1,350 ரூபாய், பொட்டாஷும் யூரியாவைவிடப் பல மடங்கு விலை. மலிவானதும் கண்ணுக்கு உடனே வேலை செய்வதும் ஒன்றாக இருந்தால் விவசாயி அதைத்தானே எடுப்பார்? இதில் விவசாயியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஆனால் பின்னால் வரும் மருந்துச் செலவையும் சேர்த்தால் அந்த மலிவு மலிவே இல்லை.

படி 4: ஏற்கெனவே கூடிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதல் வேலை நிறுத்துவது. அடுத்த தவணை யூரியாவை, வீட்டில் மூட்டை இருந்தாலும், தொடாதீர்கள். இலை வெளுக்கத் தொடங்கும் வரை காத்திருங்கள்.

பிறகு தண்ணீர். யூரியா வீசி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் தண்ணீரை வெளியே வெட்டிவிடாதீர்கள், கரைந்த உரம் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போய் அங்கே பாசியாக வளரும். ஒரு வாரம் தாண்டியிருந்தால், பயிர் தூர் கட்டி முடிக்கும் கட்டத்தில் இருந்தால், தண்ணீரை வடித்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும் வரை 5, 6 நாள் காயவிடுங்கள். பயிர் தழைச்சத்து எடுக்கும் வேகம் குறையும், வீண் தூர் நிற்கும், வேர் கீழே இறங்கும். இதற்கு ஒரு விலை உண்டு: காய்ந்து நனையும் மண்ணிலிருந்து தழைச்சத்தில் ஒரு பகுதி வாயுவாகப் போகிறது, அதில் பூமியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்த்தி. அதனால் இதை முதலுதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) வந்து பொதி கட்டிய பிறகும் பூக்கும் சமயத்திலும் காயப்போடவே கூடாது, பதர் இன்னும் கூடும்.

சாம்பல் சத்தைத் தவறவிடாதீர்கள். ஹெக்டேருக்கு 50 கிலோ என்பது ஏக்கருக்கு 20 கிலோ சத்து, உரமாகக் கணக்கிட்டால் சுமார் 33 கிலோ பொட்டாஷ். நாலாகப் பிரித்தால் தடவைக்கு 8 கிலோ. பலர் அடியுரத்தோடு விட்டுவிடுகிறார்கள், அல்லது போடுவதே இல்லை. கதிர் உருவாகும் பருவத்தில் யூரியாவை நிறுத்திவிட்டு இந்த 8 கிலோ பொட்டாஷை மட்டும் போடுங்கள். ஏற்கெனவே ஏறிய பச்சையை இது இறக்காது, தண்டுக்கும் மணி நிரம்புவதற்கும் உதவும்.

அப்புறம் காற்றும் வெளிச்சமும். 8 அடிக்கு ஒரு அடி பட்டம் (நடைவழி இடைவெளி) விட்டு நடாதவர்கள் இப்போது பயிரை இருபுறமும் விலக்கி வழி பிரித்துவிடுங்கள். வாரம் இரண்டு முறை தூரின் அடியைப் பாருங்கள், மேல் இலையைப் பார்த்தால் புகையான் தெரியாது. புகையானுக்குச் செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகளை அடிக்காதீர்கள். அவை சிலந்திகளையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்றுவிட்டுப் புகையானைப் பெருக்கிவிடும்.

படி 5: அடுத்த போகத்தில் யூரியாவை இலையிடம் கேட்டுப் போடுங்கள்

இலை வண்ண அட்டை ஒன்று வாங்குங்கள், வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14-ம் நாளிலிருந்து, நேரடி விதைப்பு என்றால் 21-ம் நாளிலிருந்து, வாரம் ஒருமுறை காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடம்பு நிழலில் வைத்து, முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். 10 இடத்தில் பாருங்கள். நோய் பட்ட இலை வேண்டாம், ஒரே ஆள் பார்ப்பது நல்லது. 10-ல் 6 இலையாவது வரம்பு எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் உரம். வரம்பு பொதுவாக 4, வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு 3. ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா போதும். அட்டை "வேண்டாம்" என்று சொன்ன வாரம் மூட்டையைப் பிரிக்காமல் இருப்பதற்குத்தான் மனவுறுதி வேண்டும், மற்றதெல்லாம் சுலபம்.

வீசும் நேரமும் முக்கியம். நெல்வயலில் போட்ட தழைச்சத்தில் பயிருக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். பெரும் இழப்பு ஆவியாதல். மத்தியான வெயிலில் வயல் நீரிலுள்ள பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துவிடுகின்றன, நீரின் காரத்தன்மை ஏறுகிறது, அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடுகிறது. ஆகவே மத்தியானம் நிறையத் தண்ணீர் நிற்கும்போது வீசாதீர்கள். தண்ணீரை வடித்துச் சேறும் சகதியுமாக இருக்கும்போது சாயங்காலம் போட்டு, மறுநாள் மெதுவாகத் தண்ணீர் வையுங்கள். 25 கிலோ யூரியாவுடன் 20 கிலோ ஜிப்சமும் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்துப் போடுவது பல்கலைக்கழகமே சொல்லும் முறை, மெதுவாகக் கிடைக்கும். இப்போது கடையில் வரும் யூரியா வேப்பெண்ணெய் பூசியதுதான் என்றாலும் இதைச் செய்வதில் நட்டமில்லை. உமிச்சாம்பல் கிடைத்தால் அடியில் போடுங்கள், சிலிக்கா வரும்.

வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டியில் தக்காளி, மிளகாய் ஆளுயரம் வளர்ந்து பூவே வரவில்லை என்றால் பெரும்பாலும் இதே கதைதான். தொட்டி மண் கொஞ்சம் என்பதால் உப்பும் சீக்கிரம் சேரும், இலை ஓரம் கருகும். உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியின் கீழ்த்துளை வழியாக நன்றாக வடியும் அளவுக்கு இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், நல்ல வெயிலில் வையுங்கள், புதுப் பூ வந்த பிறகு பாதி அளவில் ஆரம்பியுங்கள்.

நெல்லுக்கே திரும்பி வருகிறேன். முழு வயலிலும் குறைக்கப் பயமாக இருந்தால், வயலின் ஓர் ஓரத்தில் 5 சென்ட்டுக்குச் சிறு வரப்பு கட்டிப் பிரித்து, அங்கே மட்டும் அட்டை சொன்னபடி போடுங்கள், மீதியில் வழக்கம்போல. அறுக்கும்போது இரண்டு பக்கத்திலும் சம அளவு இடத்தைத் தனித்தனியாக அடித்து, தூற்றி, பதர் நீக்கி எடை போடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆன உரச் செலவையும் மருந்துச் செலவையும் எடைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.